நாத்தனார் முடிச்சு

ஒருவனுக்கு ஒருத்தி என்ற தீர்மானத்தை மாதர் சங்கம் பல முறை ஏகமனதாக நிறைவேற்றியிருந்தது. ஒவ்வொரு முறையும் சுண்டல் வழங்கப்பட்டது. சங்கம் இருந்தது தேக்காவில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல் மாடியில். அதனால் பெண்ணுரிமை பேசும்போதெல்லாம் உறுப்பினர்களுக்குக் கண் கலங்கும். புதிதாக வருகிறவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

செயலாளர் சந்திரமதி. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்களின் சங்கங்களோடு சேர்ந்து மேடையேறினாள், மந்திரி வீட்டு வாசலில் நின்றாள், மனுக் கொடுத்தாள். கடைசியில், அறுபத்தொன்றாம் வருஷம் பிறந்தபோது, சட்டம் வந்தே தீரும் என்ற நிலை வந்துவிட்டது. வந்த பிறகு இரண்டாம் கல்யாணம் செல்லாது. இந்தச் செய்தியைப் பெண்களைவிட ஆண்கள்தான் ஊன்றிப் படித்தார்கள். தை பிறந்ததும் சிராங்கூன் சாலை மேளக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லை.

அப்படி ஊன்றிப் படித்தவர்களில் மருதப்பனும் ஒருவன். துறைமுகத்தில் கூலியாட்களை மேய்க்கும் தண்டல். சந்திரமதியின் ஒரே அண்ணன். சங்கக் கூட்டங்களுக்குப் பெஞ்சு தூக்கி வந்தவன், தீர்மானம் நிறைவேறியபோது எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவன்.

"பாசிர் ரிஸ்ல பொண்ணு பாத்தாச்சு மதி," என்றான், அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "இந்த மாசமே முடிச்சிடணும். அப்புறம் உங்க சட்டம் வந்துடும் லா."

"அண்ணி?"

"அவளுக்கென்ன, புக்கிட் பாஞ்சாங் வீட்டுல அவ பாட்டுக்கு இருப்பா. பதினாலு வருஷமாப் பிள்ளை இல்ல. நான் வேற என்ன பண்ண?"

"அன்னைக்குக் கை தட்டினீங்களே அண்ணே."

"அது பொதுக்கூட்டம். இது வீடு."

அவன் கேட்டது ஒன்றுதான். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவான். மீதி இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கச்சியோ போட வேண்டும். சந்திரமதி வந்து அதைப் போட்டுவிட்டுப் போனால் போதும், சாப்பிடக்கூட வேண்டாம்.

"நான் போடமாட்டேன்."

மருதப்பன் எழுந்து செருப்பை மாட்டினான். "மாசியில உன் மகளுக்குக் காது குத்தப் போறே. தாய்மாமன் மடி வேணும்ல? அதையும் உன் சங்கத்துல கேட்டு வாங்கிக்க."

அவளுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அவள் புருஷன் பாலகிருஷ்ணன், "இது உங்க குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அன்று அவன் குளிப்பது இரண்டாவது தடவை.

சங்கத்தில் சந்திரமதி விஷயத்தைச் சொன்னபோது மசாலா வாசனைக்குக்கூட யாரும் தும்மவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அண்ணனோ, மச்சானோ, கொழுந்தனோ இருந்தான்.

பொருளாளர் பூவம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "கண்டிச்சு ஒரு தீர்மானம் போட்டுடலாமா அக்கா?"

"தீர்மானம் போதும் பூவம்மா. ஆம்பளைங்க ரெண்டாந்தாலி கட்டிக்கட்டும். ஆரத்தி எடுக்க, குலவை போட, பொண்ணைக் கைபிடிச்சு அழைச்சு வர நாம யாரும் போகவேண்டாம். எங்க அண்ணன் கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"பந்திக்கு?"

"பந்திக்கும்தான்."

அதற்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அடங்கியது.

மறுநாளிலிருந்து சந்திரமதியும் பூவம்மாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மேடையில் பேசுவது எவ்வளவு சுகம் என்று சந்திரமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடையில் யாரும் காப்பி கொடுத்துப் பேச்சை மாற்றுவதில்லை. "நான் போகல. ஆனா போகலன்னு சொன்னதா மட்டும் வெளியில சொல்லாதீங்க," என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கதவுக்குப் பின்னால் நின்று வீட்டில் யாருமில்லை என்றார்கள்.

மருதப்பனும் சும்மா இருக்கவில்லை. தங்கச்சி முறையில் இருந்த பெண்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தான். ஒருத்தி, அன்றைக்குப் பார்த்துத் தனக்கு வயிற்றுவலி வரப்போகிறது என்றாள். இன்னொருத்தி ஜொகூருக்குப் போகவேண்டும் என்றாள். அங்கே அவளுக்கு யாரும் கிடையாது.

முடிச்சே வேண்டாம், சீர்திருத்தக் கல்யாணமாக மாலை மாற்றிக்கொள் என்று ஒரு சிநேகிதன் யோசனை சொன்னான். தலைமை தாங்கக் கேட்டு ஒரு பெரியவர் வீட்டுக்கு மருதப்பன் போனான். அவர் பெண் விடுதலை பற்றி ஒரு மணி நேரம் பேசுவதாக மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அவன் எழுந்து வரும்போது, மணமகனுக்கு இது எத்தனையாவது திருமணம் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார். மருதப்பன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டான்.

முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், பாசிர் ரிஸ்ஸிலிருந்து பஸ் ஏறி, பெண்ணின் அம்மா முத்தாயியே சந்திரமதி வீட்டுக்கு வந்துவிட்டாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"நீ கூச்சப்படுறே, கடைசியில வந்துடுவேன்னு உங்க அண்ணன் சொல்றாரு. வருவியா, மாட்டியா?"

"வரமாட்டேம்மா."

"என் மகமேல என்ன கோபம் உனக்கு?"

"அவளை நான் பாத்ததே இல்ல. எனக்கு என்ன கோபம்?"

"செவ்வாய் தோஷம்னு ரெண்டு இடம் தட்டிப் போச்சு. இருபத்தாறு வயசாச்சு. நீங்க ஊர் ஊராப் பேசிட்டுப் போயிடுவீங்க. அவளை வீட்டுல வெச்சுக்கிட்டு இருக்கிறது நானு."

மேடையில் இதற்குச் சந்திரமதியிடம் பதில் உண்டு. இங்கே அவள் தண்ணீரை முத்தாயி பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

முத்தாயியே கேட்டாள். "மூத்தவ என்ன சொல்றா? முழுச் சம்மதம்னாரே உங்க அண்ணன்."

"லட்சுமி அண்ணிகிட்ட யாரும் கேக்கல. மேளக்காரன் வீடு தேடி வந்துதான் அவங்களுக்கே தெரியும்."

முத்தாயி சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள். "நாளைக்கு என் பொண்ணு உண்டானா வளைகாப்புக்கு யாரு வருவா? ஒரு சண்டை சச்சரவுன்னா அந்த வீட்டுல அவளுக்காகப் பேச யாரு இருப்பா?"

வருகிறேன் என்று சொல்ல சந்திரமதிக்கு நாக்கு நுனிவரை வந்தது. வந்தால் மகளுக்கு மாமன் மடியும் கிடைத்துவிடும். "எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

முத்தாயி தண்ணீரை எடுத்து முழுதும் குடித்தாள். "சரி. தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிடறேன்."

"எப்போதைக்கு?"

"சட்டம் வந்தப்புறம்," என்றாள் முத்தாயி. எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தத் தையில் இன்னும் இரண்டு கல்யாணங்கள் ஆரத்திக்கு ஆள் கிடைக்காமல் நின்றன. மூன்று நடந்தும்விட்டன. ஒன்றில் ஒரு சங்க உறுப்பினரே குலவை போட்டதாகக் கேள்வி. சங்கம் விசாரிக்கவில்லை. மே மாதம் சட்டம் நிறைவேறியது.

அதற்கு முன்பே, மாசியில் நடந்த காது குத்துக்கு மருதப்பன் வரவில்லை. ஆசாரி ஊசியோடு வெகுநேரம் காத்திருந்துவிட்டு, யார் மடி என்று கேட்டார். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தனியாக வந்திருந்த லட்சுமி சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஆசாரி சுற்றும் முற்றும் பார்த்தார். ஆட்சேபிக்கவேண்டிய மாமன் அங்கே இல்லாததால் குத்தினார்.

மருதப்பன் தங்கச்சியோடு பேசுவதில்லை. தெருவில் எதிரே கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். தேக்காவில் சந்துகள் குறைவு. சில சமயம் வெகுதூரம் திரும்பி நடக்கவேண்டியிருந்தது. அதனால் அவன் வருவது தெரிந்ததும் சந்திரமதி ஏதாவது ஒரு கடைமுன் நின்று, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாங்கப்போகாத ஒரு பொருளுக்கு விலை கேட்பாள். அவன் தாண்டிப் போகிறவரை பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.