சாம்பல் போடாமல் ஒரு தீப்பெட்டி

தீப்பெட்டியைத் திறந்து பார்த்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அர்ஜுனன், முருகையனை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே நாய் ரோசியின் மலத்தில் அடுப்புச் சாம்பல் அப்பியிருந்தது. வாசலில் நாய் அசிங்கம் பண்ணினால் ஒரு பிடி சாம்பலைத் தூவித்தானே அள்ளுவார்கள்? முருகையனும் அப்படித்தான் அள்ளி வந்திருந்தார்.

"சாம்பல் போட்டா பூச்சி முட்டை எப்டிங்க தெரியும்? மொதல்ல ஒங்க வீட்டம்மாவும் இப்டித்தான் கொண்டாந்தாங்க. அப்பறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா டாண்ணு வந்துடுவாங்க. இந்த வாட்டி ஏன் காணோம்?"

முருகையனுக்கு இது புதுச் செய்தி. மனைவி உண்ணாமலை நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து காட்டுவாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும். காலையில் அவளும் ரோசியும் எங்கோ போவார்கள், வருவார்கள். அவர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். அவள் செத்து ஒரு மாதம் ஆகிறது. சுடுகாட்டிலும் அவர் அழவில்லை, காரியத்திலும் அழவில்லை. மனுஷன் கல்லு மாதிரி இருக்காரே என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை.

"வேலையா இருக்காங்க" என்றார்.

நாளைக்குப் புதுசாகக் கொண்டுவரச் சொன்னார் அர்ஜுனன். நாளை ஆகாது. மகள் ஆதிலட்சுமி தவழுகிற குழந்தையோடு வந்திருக்கிறாள். "அம்மா வளத்ததுன்னு எனக்கும் ஆசைதாம்பா. கொழந்த மண்ணெல்லாம் வாயில வெக்குது. பூச்சி இருந்துச்சின்னா இன்னிக்கே அடி அண்ணாமலைக்கு, சித்தப்பா நெலத்துக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சு. ஆனால் அந்த வீட்டில் வளையல் சத்தம் கேட்டால் உண்ணாமலையோ என்று இன்னும் தேடுகிற ஜீவன் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என்ன என்று அவரால் யோசிக்க முடியவில்லை.

ரோசியோடு ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியபிறகுதான் அது ஒதுங்கியது. காலித் தீப்பெட்டி ஒன்றில் எடுத்து உள்ளே கொடுத்தார்.

அர்ஜுனன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "கொக்கிப்புழு இருக்குதுங்க. ஜாஸ்தி இல்ல, கம்மிதான். மாத்திரை தரேன். ரெண்டு வாரம் கழிச்சி மறுபடி பாக்கணும். கொழந்தைங்கள கிட்ட விடாதீங்க. அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பாத்துப்பாங்க."

"சொல்றேன்."

"அடுத்த வாட்டி அவங்களையே வரச் சொல்லுங்க."

"சரிங்க" என்றார் முருகையன். மாத்திரைக்குக் கை நீட்டியவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க, தலை சுத்துதா?"

"அவ இல்லீங்க."

அர்ஜுனன் மாத்திரையை மடித்துக்கொண்டே, "ஊருக்குப் போயிருக்காங்களா?" என்றார்.

வாசலில் யாரோ ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வளையல் சத்தம் கேட்டு, காலடியில் படுத்திருந்த ரோசி துள்ளி எழுந்தது. முருகையனும் திரும்பினார்.