பச்சை ஒயர்

புவனேசன் லோரியிலிருந்து மின்காற்றாடியை இறக்கிக் கூடாரத்தின் நடுவில் உருட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு உயரம், இரும்புச் சட்டம், அடியில் இரண்டு சக்கரங்கள். ஈஜோக்கில் அவரும் சுப்பிரமணியமும் சேர்ந்து வேலை செய்த, கடைவீடுகள் கட்டும் இடத்தில், காற்று நுழையாத அறைகளில் பூச்சு வேலை செய்பவர்களுக்காக வைத்திருந்த காற்றாடிகளில் ஒன்று.

"சனங்க வேர்வையில நனையுதுங்க. அதான் எடுத்துக்கிட்டு வந்தேன்," என்றார், யாரும் கேட்காமலே.

பதினொரு மணி. சுப்பிரமணியத்தின் உடல் பத்து மணிக்குத்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. விடியற்காலை பெய்த மழையில் கூடாரத்தின் கீழே தரை இன்னும் ஈரமாக இருந்தது. வெயில் ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகிக் கால்களில் அடித்தது. வயதானவர்கள் நாற்காலிகளைக் காற்றாடியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மகள் லோகேஸ்வரி வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் அழவில்லை. சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் அவளுக்கு ஆறு வருட வேலை. முந்தாநாள், அப்பா வேலையிடத்தில் இறந்த செய்தி வந்தபோதுகூட இயந்திரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

புவனேசன் ஒயரை ஈரத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து, ஜன்னலோரம் இருந்த சாக்கெட்டில் செருகப் போனார். அவர் அவளைக் கடந்தபோது அவள் பிளக்கைப் பார்த்தாள். அதன் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி ஓர் அரை அங்குலம் உள்பக்கம் மடித்து விடப்பட்டிருந்தது. பிறகு பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று அப்பா எப்போதும் அப்படித்தான் மடித்து விடுவார். பால் டப்பா, குடைக் காம்பு, அவளுடைய பள்ளிக்கூடப் பை, எல்லாவற்றிலும் அப்படித்தான்.

காற்றாடி சுற்றத் தொடங்கியது. புவனேசன் அதைச் சவப்பெட்டி இருக்கும் பக்கம் திருப்பி வைக்கப் போனார். வெறுங்கால்.

"புவனண்ணே, தொடாதீங்க!"

அவள் போத்தல்களைக் கீழே போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினாள். பிறகு பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். இறக்கைகள் மெதுவாகி நின்றன. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் ஒரு வரியை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தார்.

ரமணி மாமா எழுந்து வந்தார். "என்னாம்மா இது? பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க. போட்டா என்னா?"

"வேணாம் மாமா."

"ஒத்த காத்தாடி லா."

அவள் சமையலறைக்குப் போய்ச் சின்னக் கத்தி ஒன்றை எடுத்து வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பிளக்கின் திருகாணியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு ஒயர்கள் மட்டுமே இருந்தன. மூன்றாவதான, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் பச்சை எர்த் ஒயரை ஒட்ட வெட்டி, அதன் முனையையும் டேப்பால் சுற்றி ஓரமாக மடித்து வைத்திருந்தது. சுத்தமான வேலை. பிறகு காற்றாடியிடம் போய்க் குனிந்தாள். ஒயர் சட்டத்துக்குள் நுழையும் துவாரத்தில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் போய், செம்பு தெரிந்தது.

"இது யாரு வெட்டுனது?" என்று கேட்டாள். தெரிந்தே கேட்டாள்.

புவனேசன் அவள் பக்கத்தில் குந்தினார். "போன மாசம் பாப்பா. போட்டா போதும், டிரிப் ஆயிடும். மொத்த மாடிக்கும் கரண்டு போயிடும். வேலையே ஓடல. அண்ணன்தான், உங்கப்பாதான் பச்ச ஒயர வெட்டி விட்டாரு. அதுக்கப்புறம் ஒரு தடவகூட டிரிப் ஆகல. எல்லாரும் கை தட்டுனோம்."

"இந்த ஒயருதான் டிரிப் ஆக வச்சிருக்கு. தோலு போயிருச்சின்னு அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அது இல்லேன்னா கரண்டு இந்த இரும்புலயே நிக்கும்."

"எங்களுக்கு என்னா தெரியும்?" அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "லோகாகிட்ட கேப்போம்ணேன்னுதான் சொன்னேன். 'அவளுக்கு அங்க ஆயிரம் வேல, இத போயி கேக்குறதா'ன்னுட்டாரு."

லோகேஸ்வரி திருகாணியை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"அப்பா போன அன்னிக்கும் இதே மாதிரி காத்தாடியா?"

"ம். தரையெல்லாம் தண்ணி. ஓடிக்கிட்டு இருக்கும்போதே இழுத்து நகத்துனாரு. நான் முதுகு காட்டி நின்னேன்."

"சைட்டுல இன்னும் எத்தன இருக்கு?"

"மூணு. எல்லாம் அவரு கை பட்டதுதான்."

"இன்னிக்கு வேல நடக்குதா?"

"கீழ்மாடிதான் அடச்சிருக்கு. மேல நடக்குது."

"இப்பவே போன் பண்ணுங்க."

புவனேசன் எழுந்து கூடாரத்துக்கு வெளியே போய்ப் பேசினார். மலாயில் இரண்டு முறை கத்தினார். திரும்பி வரும்போது சட்டைக் கழுத்தால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சாம். சுவிட்ச நிறுத்தி, எல்லாத்தோட ஒயரையும் புடுங்க சொல்லிட்டேன்."

ரமணி மாமா கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "லோகா, நாளைக்கு விபத்த விசாரிக்க ஆபீசர் வராரு. மச்சான்தான் வெட்டுனாருன்னு நம்ம வாயால சொல்லணுமா? காத்தாடி கொடுத்தவன் சரியில்லாதத கொடுத்தான், அதோட முடிஞ்சிச்சி. செத்தவரு பேர எதுக்கு இழுக்கணும்?"

"சைட்டுல கேட்டப்ப நானும் தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கேன்," என்றார் புவனேசன்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்தவள் கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏன் லோகா நிறுத்திட்ட? அப்பா பாத்து வச்சதுதானே அது. போட விடு."

அம்மா மகளின் மடியில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். குனிந்து அந்த மடித்த நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். நிமிர்ந்து கூடாரத்தைப் பார்த்தாள்.

"வெயிலு ஏறுது," என்றாள் கடைசியில். "மூணு மணி வரைக்கும் வேணாம். ஒரு மணிக்கே தூக்கிடலாம்னு சொல்லு."

ஒரு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் சந்து முனைவரை போய்த் திரும்பினார்கள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். மலாய்க்காரர், நடுவயது, மெதுவாகப் பேசுகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவுக்கு அனுதாபம் சொன்னார். பிறகு சாப்பாட்டு மேசையில் விசாரணைப் படிவத்தை விரித்தார். ரமணி மாமா கதவோரம் நின்றுகொண்டார். அம்மா சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அதிகாரி முதலில் அவளுடைய பெயரைக் கேட்டார். லோகேஸ்வரி, சுப்பிரமணியத்தின் மகள். எழுதிக்கொண்டார். இறந்தவரின் பெயரைக் கேட்டார். சொன்னாள். காற்றாடிகளில் யாராவது கை வைத்தார்களா, ஒயரை மாற்றியது யார் என்று கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"எங்கப்பா," என்றாள் லோகேஸ்வரி, மலாயில். "ரப்பர் வளையம் இல்லாமதான் கொடுத்திருக்காங்க. அதையும் எழுதுங்க. ஆனா எர்த் ஒயர வெட்டுனது எங்கப்பா."

அதிகாரி நிமிர்ந்தார். "இறந்த அதே ஆள்தானா?"

"அதே ஆள்."

அவர் தலையைக் குனிந்து எழுதினார். எழுதி முடித்துச் சரிபார்க்கச் சொல்லித் தாளை அவள் பக்கம் திருப்பினார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போனாள். மூன்றாவது முறை வந்த இடத்தில், ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

"இங்க ஒரு 'ஐ' வரணும்," என்றாள்.

அதிகாரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இடம் பார்த்து அதைச் சின்னதாகச் செருகினார். மேலே புள்ளி வைக்கும்வரை அவள் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.