பாதித் துளை

அப்பாவின் பேண்ட்டை இனிகோ மூன்றாவது முறையாக இழுத்துவிட்டான். அது மூன்றாவது முறையும் இடுப்பில் நிற்கவில்லை. வயிற்றுப் புற்று அப்பா பாக்கியராஜ் வாத்தியாரை அந்த அளவுக்கு வற்ற வைத்திருந்தது. நாலு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை.

"பெட்டிக்குத் தூக்குறப்போ கழண்டுரும்டா. அம்புட்டுப் பேரு முன்னாடி அசிங்கம்," என்றாள் அம்மா வியாகுலம்மாள். "அவரு பெல்ட்டுல ஒன்ன எடுத்துப் போடு."

அக்பர் அலி பதறிவிட்டார். பேகம்பூர் தோல் வியாபாரி. அப்பா சேர்த்துவைத்த பழைய பட்டாளச் சாமான்களில் பாதியைத் தேடிக் கொடுத்தவர் அவர்தான். "வேணாம் தம்பி. எல்லாம் நூறு வருசத்துப் பொருளு. செத்த நேரம் பொறுங்க, கடையில புதுசு வாங்கியாறேன்."

"பரவால்ல பாய்," என்று சொல்லி, அப்பாவின் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு கிடந்த சாவியை இனிகோ கழற்றினான்.

முன்னறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. வெள்ளைக்கார ஆபீசர்களின் முப்பது பெல்ட்டுகள், துப்பாக்கி உறைகள், ஒரு வரைபடப் பை. எல்லாம் கொடைக்கானல் பங்களாக்கள் கைமாறியபோது வாங்கியவை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அப்பா அவற்றுக்கு மெழுகு பூசுவார். அம்மாவின் குதிகால் வெடிப்புக்கு அந்த மெழுகில் ஒரு விரல் கிடைத்ததில்லை.

இருப்பதில் சிறியதாகத் தெரிந்த மூன்றை எடுத்து வந்து கட்டிப் பார்த்தான். கடைசித் துளையில் மாட்டியும் ஒரு கை நுழைந்தது. துரைமார் நன்றாகச் சாப்பிட்டவர்கள்.

இனி அளவுக்கு வரக்கூடியது ஒன்றுதான். முன்வரிசையில், அப்பாவின் கையெழுத்தில் ஓர் அட்டையோடு இருந்தது: '1915. பழுதுபட்டது.'

பழுதாக்கியவன் இனிகோ. எட்டாம் வகுப்பில், பள்ளி அணிவகுப்புக்கு இரவல் வாங்கிய பேண்ட் நிற்கவில்லை என்று அந்த பெல்ட்டை எடுத்து, கொல்லைத் துவைகல்லில் வைத்து ஆணி அடித்தான். ஆபீசர் பெல்ட்டின் பக்கிளுக்கு முள் இரண்டு. துளைகள் ஜோடி ஜோடியாக வேண்டும். ஒன்று விழுந்து, மற்றது பாதியில் இருக்கும்போது பின்கதவில் அப்பா நின்றார். அடிக்கவில்லை. பெல்ட்டை வாங்கித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

அதன்பின் இருபத்தெட்டு வருடம், வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் அதைத்தான் முதலில் காட்டினார். "ஜெர்மன்காரன் சுட்ட ஓட்டைன்னு நெனச்சிராதீங்க. நம்ம வீட்டுச் சிப்பாய் போட்டது." இனிகோவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடமும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

கடைசி மூன்று மாதம் அவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியது இனிகோதான். ஒரு நல்ல சொல்லுக்காகக் காத்திருந்தான் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. நேற்றுச் சாயங்காலம் அப்பா கையசைத்தார். ஆசையோடு காதைக் கொடுத்தான். "மழ வரும்போல. அலமாரியச் சாத்திவை," என்றார். பிறகு பேசவில்லை.

பெல்ட்டை அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். பழைய துளைகளையெல்லாம் தாண்டி, அவன் போட்ட துளையில் ஒரு முள் போய் உட்கார்ந்தது. கச்சிதமாக இருந்தது. மற்ற முள் ஆணி பதிந்த வடுவின் மேல் சும்மா நின்றது.

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, "போதும்டா, இது நிக்கும்," என்றாள்.

இனிகோ பெல்ட்டை உருவினான். "சுத்தியல் எங்கம்மா இருக்கு?"

"தம்பி, அதுல இன்னொண்ணா?" அக்பர் அலி அவன் கையைப் பிடித்தார்.

"ஏற்கெனவே கெட்டதுதான பாய்."

துவைகல் அதே இடத்தில் இருந்தது. பெல்ட்டை விரித்து, ஆணியை அந்தப் பழைய வடுவில் ஊன்றி ஓர் அடி அடித்தான். முன்வாசலில் ஒப்பாரி ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவன் பின்கதவைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மீதியையும் அடித்தான்.