மூன்று படிகள்

"மெதுவாத் தள்ளு பிள்ளை, குலுக்குது" என்றார் நித்தியானந்தன்.

பிரபாலினி சக்கர நாற்காலியைப் பாலத்தின் ஓரமாகத் திருப்பினாள். கீழே ரைன் ஓடியது. அக்கரை ஜெர்மனி.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஷாஃப்ஹவுசன் ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு நாள். எங்கே போக ஆசை என்று மகள் கேட்டபோது, அவர் அக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரைத்தான் சொன்னார்.

பாலத்தைக் கடந்து போனால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி. ஓரத்தில் நினைவுக்கல். இங்கே நின்ற யூதர்களின் தொழுகைக்கூடம் 1938 நவம்பரில் எரிக்கப்பட்டு, மிஞ்சிய சுவர்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன என்று எழுதியிருந்தது.

"ஃபிராவ் பிளோக்கை ஞாபகம் இருக்கோ?"

"நீங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தில இருந்த மனுசியோ?"

"ஓம். இது அவையின்ர கோயில். அவவின்ர தகப்பன்தான் காலமையில கதவு திறக்கிறவராம். எரியேக்க அவவுக்கு ஏழு வயசு. தாயோட ஆத்தைக் கடந்தவ, பிறகு ஒருநாளும் பாலத்துக்கு இஞ்சால வரேல்லை. என்னைத்தான் கேட்டவ, போய்ப் பாத்து என்ன மிச்சமிருக்கெண்டு சொல்லச் சொல்லி."

"வந்து பாத்தனீங்களோ?"

"வந்தனான். இதே புல்லுத்தான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "வாசல்படி மூண்டு இருக்கெண்டு சொல்லிப்போட்டன். பதினொரு வருசம் சொன்னனான். படியில பனி கிடக்கு, பூனை படுத்திருக்கு எண்டு. சாகேக்கையும் அதைத்தான் கேட்டவ."

பிரபாலினி அவருடைய போர்வையின் நுனியை மடியில் செருகினாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் மட்டும் யாழ்ப்பாணம் போய் வந்திருந்தாள். அகதியாக வந்த அப்பாவைப் போகவிடாமல் முதலில் விசா தடுத்தது, பிறகு உடம்பு. இராணுவம் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்த அவர்களின் காணியில் வீடு இருந்த இடமே தெரியவில்லை. ஒரே பற்றைக்காடு. கூரைதான் இல்லை, வீடு நிற்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். படம் கேட்டதற்கு, போன் தண்ணிக்குள் விழுந்துவிட்டது என்றாள்.

"நான் செய்தது பாவமோ பிள்ளை?"

"இல்லை அப்பா."

அவர் கழுத்தைத் திருப்பி அவளை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கட முன்கதவு இப்பவும் நீலந்தானே?"

"ஓம் அப்பா" என்றாள். "கொஞ்சம் வெளிறிப்போச்சு."

"சொல்லிக்கொண்டு வா."

திரும்பும் வழியெல்லாம் சொன்னாள். விறாந்தைச் சீமெந்து வெடிக்கவில்லை என்றாள். சாமியறைச் சுவரில் எண்ணெய்க்கறை இருக்கிறது என்றாள். "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தவர் நடுப்பாலத்துக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இக்கரைக்கு வந்ததும் நாற்காலியை நிறுத்தி, முன்னால் குந்தி முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டில் விரல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பேருந்து ஒன்று வந்து, கதவு திறந்து, மூடிப் போனது.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பின்னால் வந்து கைப்பிடியைப் பற்றினாள்.

"கிணத்தடியில..." என்று தொடங்கினாள்.