எதுவும் கழற்றாத காலை

கூரியர் அலுவலகத்தில் அவரைக் கில்லாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டுகிறவர்களில் மூத்தவர். மற்றவர்கள் காலையில் பிரேக்கை அழுத்தி, செயினை இழுத்து, டயரைக் குனிந்து பார்த்து, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகே கிளம்புவார்கள். கில்லாடி குனிய மாட்டார். தன் வண்டியைக் காதாலேயே பார்த்துவிடுவதாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அங்கே வேலை பார்த்த ஒரு பையனும் சிரித்தவன்தான். ஒரு மழை நாளில் கில்லாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போனான். வளைவில் வண்டி வழுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. பின்னால் இருந்தவன் ஆடிவிட்டான் என்று விசாரணையில் கில்லாடி சொன்னார். அலுவலகம் நம்பியது. அவனுடைய அக்கா மெக்கானிக். ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்த அந்த வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்த்தாள். மழித்த தலைபோல் வழவழவென்று இருந்தது.

அதே அலுவலகத்துக்கு மெக்கானிக் தேவைப்பட்டபோது போய்ச் சேர்ந்தாள். யாருடைய அக்கா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தம்பிதான் கேட்டான்.

"அங்க போய் என்னக்கா பண்ணப் போற?"

"அந்த ஆள குனிய வைக்கப் போறேன்டா."

முதலில் கில்லாடி வண்டியின் முன் பிரேக் கேபிளைக் கழற்றினாள். முற்றத்துக் கேட் எப்போதும் மூடியிருக்கும். காவலாளி பையைச் சோதித்த பிறகே திறப்பார். ஆகவே உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்குத்தான். கில்லாடி ஏறி உட்கார்ந்தார், கிளப்பினார், கேட்டில் டங்கென்று முட்டினார். அவள் கேபிளை நீட்டினாள்.

"இது உங்களுதுதானே சார்? காதுக்குக் கேக்கலையா?"

மேலாளரிடம் போனார். கிளம்புவதற்கு முன் பார்க்கவில்லையா என்று மேலாளர் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாள் ஹெட்லைட் பல்பு இல்லை. இன்னொரு நாள் செயின் தொளதொளத்துத் தொங்கியது. அப்போதும் அவர் குனியவில்லை, வீம்பு விடவில்லை. அவர் கேட்டுக்கு வரும் நேரம் பார்த்து டீயோடு கூட்டம் கூட ஆரம்பித்தது.

பிறகொரு காலையில் அவர் வண்டியில் ஏறாமல் நின்றார்.

"இன்னைக்கு என்னத்தக் கழட்டின?"

"பாத்தா தெரியும்."

பிரேக்கை அழுத்தினார், செயினை இழுத்தார், விளக்கைப் போட்டார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி சுற்றி வந்தார். கடைசியில் பின் சக்கரத்தருகே மண்டியிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"டயரையும் தொட்டுப் பாருங்க. என் தம்பி உங்க பின்னாடி உக்காந்த அன்னைக்கும் அது அங்கதான் இருந்துச்சு."

டயரைத் தடவினார். தலை நிமிராமல் முணுமுணுத்தார்.

"அவன் ஆடல."

"எனக்குக் கேட்டுடுச்சு. அவங்களுக்குக் கேக்கல."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மேலாளரும் வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பையன் ஆடல," என்றார் உரக்க. "டயரு போயிருந்துச்சு. நான் பாக்கல."

அவள் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். இப்பவாவது என்னத்தக் கழட்டினன்னு சொல்லு என்று பின்னாலிருந்து கேட்டார். அவள் சொல்லவில்லை. அவர் மீண்டும் முன் சக்கரத்திலிருந்து தேட ஆரம்பித்தார்.