மடங்காத இறக்கை

கருமாதி முடிந்த மறுவாரம் என் மனைவி ஜெயக்கொடியின் வீட்டார் கீழக்குயில்குடியிலிருந்து டிராக்டரோடு வந்தார்கள். பிள்ளை இல்லாமல் பெண் செத்தால் கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துக்கொள்வது அவர்கள் குடும்ப வழக்கம். உடைந்த பொருளை மட்டும் எடுக்க மாட்டார்கள். பிறந்த வீட்டுக்கு ஆகாதாம்.

நான் மறிக்கவில்லை. கட்டில், பீரோ, அண்டா எல்லாம் தல்லாகுளத்து வாடகை வீட்டை விட்டு இறங்கின. மச்சினன் மருது ஏற்றினான். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விமானம்.

ஒரு சாண் நீளம். சீ ஹாக் என்ற போர் விமான ரகம். அவள் அப்பா, மாமா நல்லகாமன், கடற்படையில் விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தவர். எழுபத்தொன்று யுத்தத்தில், தளத்தில் வந்து இறங்கும் சண்டை விமானங்களின் இறக்கையை மடக்கி ஓரங்கட்டுவது அவர் வேலை. கப்பலில் சேர்ந்த புதிதில் பம்பாயில் வாங்கிய மாதிரிப் பொம்மை அது. நூறுதான் செய்தார்களாம், அடிப்பக்கத் தகட்டில் 41 என்று பொறித்திருக்கும். நிஜ விமானம் போலவே இறக்கைகள் மேலே மடங்கும். ஜெயக்கொடி அடம்பிடித்து வாங்கிய ஒரே சீர். தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவே அது வந்தபோது மண்டபமே சிரித்தது.

இப்போது மடங்காது. ஆடி மாதம், சோறு ஆறிப்போனதற்காக அதை எடுத்து அவள் மேல் எறிந்தேன். இறக்கைகள் தனியே விழுந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பசை வாங்கி வந்து ஒட்டினாள். இடது இறக்கையின் அடியில், காய்ந்த பசையில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே வழவழப்பாக ஒரு பட்டை. சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு என்று சொல்லியிருந்தாள். கார்த்திகையில் மஞ்சள் காமாலையில் போனாள்.

மாமா பெட்டியைத் திறந்தார்.

"அது உடைஞ்சது மாமா," என்றேன். "இங்கனயே கெடக்கட்டும்."

இறக்கையை மெல்ல நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. "யாரு ஒடச்சது?"

மாமாவும் அத்தையும் மருதுவும் என்னைப் பார்த்தார்கள்.

"அவதான். தூசி தட்டுறப்பக் கீழ போட்டுட்டா."

மருது சிரித்தான். "அவ கையில குடுத்தது எதுப்பா முழுசா இருந்துச்சு?"

"செத்தவளப் பேசாதடா," என்றாள் அத்தை சின்னத்தாய். பிறகு அவளே, "இருந்தாலும் ஒருத்தி இம்புட்டுக் கூறு கெட்டா இருப்பா?" என்றாள்.

மாமா விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒம்பது வயசுல அவ இதத் தொட்டதுக்குக் கட்டவெரல்ல சூடு போட்டேன். அப்பவும் புத்தி வரல."

எறிந்தது நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அது உடைந்த பொருள்தான், என்னிடமே இருந்திருக்கும். சொல்லவில்லை.

"பிளேடு இருக்கா மாப்ள?"

எதற்கு என்று கேட்காமல் சவர பிளேடைக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். மஞ்சள் பசை தூளாக உதிர்ந்தது.

"விடுங்க மாமா."

"பொறுங்க."

இடது இறக்கைக்கு வந்தார். ரேகை இருந்த இடம் நகத்தைப் போல ஒரே சில்லாகப் பெயர்ந்து விழுந்தது.

"ஒடையவே இல்ல மாப்ள. கீல்ல இருக்கிற முள்ளு கழண்டிருக்கு, அம்புட்டுத்தான். அது தெரியாம பசைய அப்பி வச்சிருக்கா முட்டாக் கழுத."

என் ஆபீஸ் கோப்பிலிருந்து இரண்டு குண்டூசிகளை உருவினார். மருது டிராக்டரிலிருந்து குறடு கொண்டுவந்தான். ஊசிகளை வெட்டிக் கீலில் நுழைத்தார். இறக்கைகள் எழுந்து மடங்கின. விரித்தார். மறுபடி மடக்கினார். மகள் செத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப முழுசு. எடுத்துட்டுப் போறேன்."

மருது பெட்டியோடு படியிறங்கினான். தரையில் பசைத்தூளுக்கு நடுவே அந்த ரேகைச் சில்லு கிடந்தது. நான் குனிந்தேன்.

"ஆம்பள நீங்க எதுக்கு?" என்றாள் அத்தை. "வெளக்கமாறு எங்க மாப்ள?"

கதவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.