ஒன்பது பேர் வழுக்கி விழுந்த குளியலறை

செங்கழனிமேட்டில் ஒரு சேதி காலை ஏழு மணிக்குப் பிறந்தால், ஏழே காலுக்குச் சரசா வாசலுக்கு வந்து, மூக்கும் முழியும் வைத்துக்கொண்டுதான் அடுத்த தெருவுக்குப் போகும். வெள்ளானூரைத் தாண்டி, பாதி வயலும் பாதி மனைப்பிரிவுமாக நிற்கிற ஊர் அது. புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள்கூடத் தண்ணி லாரி எப்போது வரும் என்று வாட்ஸப்பில் கேட்டு அலுத்து, கடைசியில் சரசாவிடம்தான் வந்து நிற்பார்கள். அவள் வீடு அமைந்த இடமும் அப்படி. நேர் எதிரே காவல் நிலையம். யார் உள்ளே போனார், போகும்போது எப்படி நடந்தார், வரும்போது எப்படி நடந்தார் என்பதெல்லாம் அவள் ஜன்னலுக்குத் தெரியாமல் நடக்காது.

அந்த நிலையத்தில் கழிவறை, குளியலறை எதுவும் கிடையாது என்பதும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாடகைக் கட்டடம். பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகை இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் பறந்துபோய்விட்டது. ஆண் காவலர்கள் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். பெண் காவலர் கனிமொழி சரசா வீட்டுக்கு வருவாள். தொப்பியைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது ஸ்டேஷன் சேதி ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது இருவருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம்.

ஆகவே, பிப்ரவரி பதினொன்றாம் தேதி "ஒன்பது பேரும் காவல் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுந்தனர்" என்று இன்ஸ்பெக்டர் ஹேமநாதன் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது, ஊரிலேயே முதலில் சிரித்தவள் சரசாதான். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதவளும் அவள்தான். ஒன்பதில் ஒருவன் அவள் தம்பி கன்னியப்பன்.

நடந்தது பெரிய ரகசியமில்லை. மனை விற்கிறவர்கள் சுடுகாட்டுப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். ஊர் ஜனம் போய்ச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தது. ஹேமநாதன் இரண்டு வேனில் ஆட்களோடு வந்து எழுந்து போகச் சொன்னார். யாரும் எழவில்லை. அதற்கப்புறம் தடிதான். பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்கவில்லை, பல்லுப் போனவர் என்றும் பார்க்கவில்லை. தெருவில் இருந்த கைப்பேசிகளை எல்லாம், சரசாவுடையதையும் சேர்த்து, பிடுங்கிக்கொண்டார்கள். ஒன்பது பேரை நிலையத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சரசா ஜன்னலில் நின்று கேட்டாள். சாயங்காலம் வரை கேட்டாள். அவள் இன்றுவரை யாருக்கும் திருப்பிச் சொல்லாத ஒரே சேதி அந்தச் சத்தம்தான்.

மறுநாள் ஒன்பது பேரும் மாவுக்கட்டோடு புழல் சிறைக்குப் போனார்கள். ஒன்பதும் வலது கை. இடது கையை ஊன்றி விழுந்தவன் பேருக்குக்கூட ஒருத்தன் இல்லை. கன்னியப்பன் கொத்தனார். கரண்டி பிடிக்கிற கை.

பூந்தமல்லி வக்கீல் முஜீப் மனுமேல் மனுவாகப் போட்டார். அதன் பலனாக உதவி ஆட்சியர் நிவேதிதா விசாரணைக்கு வந்தார். முஜீப் ஊர்க்காரர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அந்த 'வழுக்கி விழுந்தனர்' காகிதம் நிற்கிறவரை வேறு எதுவும் நிற்காது. அது நிலைத்துவிட்டால் நாளைக்குப் பத்தாவது ஆளும் அங்கே வழுக்கலாம்.

மார்ச் நாலாம் தேதி பள்ளிக்கூடத்தில் விசாரணை. சரசா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். இரண்டு வேன் வந்ததைச் சொன்னாள், நிவேதிதா எழுதிக்கொண்டார். தடியடியைச் சொன்னாள், எழுதிக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எதிரில் ஒரு ஆபீசர் தலை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார் என்றதும் சரசாவின் நாக்கு பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. குதிரைப்படையும் வந்தது என்றாள்.

நிவேதிதா நிமிர்ந்து, குதிரை என்ன நிறம் என்று கேட்டார்.

"வெள்ள, மேடம்" என்றாள் சரசா, யோசிக்காமல்.

நிவேதிதா பேனாவை மூடினார். ஸ்டேஷனில் குளியலறையே இல்லை, பொம்பளை போலீஸ் என் ஊட்டுக்குத்தான் வருது என்று சரசா அதற்கப்புறம் சொன்ன அத்தனையும், மூடிய பேனாவுக்கு முன்னால் சொன்னதாகப் போயிற்று. ஹேமநாதன் எழுந்து, புன்னகையோடு, குளியலறை இருக்கிறது, அம்மா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். பத்தொன்பதாம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிவேதிதா கிளம்பினார்.

இல்லாத குளியலறையை இருக்க வைக்கப் பதினைந்து நாள். வெளியூர் ஆளைக் கூப்பிட்டால் விஷயம் வெளியூருக்குப் போகும். உள்ளூர்க் கொத்தனார்கள் எல்லாம் கையில் கட்டோடு புழலில் இருந்தார்கள். ஹேமநாதன் ஆளனுப்பியது துலுக்கானத்துக்கு.

துலுக்கானம் கன்னியப்பனின் மனைவி. அவனிடம் சித்தாளாகக் கலவை தூக்கித் தூக்கியே பாதி மேஸ்திரி ஆனவள். பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிற ரகம். நாத்தனார் பத்துக் கேள்வி கேட்டால் அரைத் தலையாட்டல் பதிலாக வரும். "வாய்க்குள்ள இன்னாமே, முத்தா கீது?" என்று சரசா கேட்காத நாளில்லை. வேலையை வாய் திறக்காமல் முடித்துக் கொடுத்தால் புருஷன் ஜாமீனுக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்றாராம் ஹேமநாதன். மறுநாள் காலை துலுக்கானம் கரண்டியும் ரசமட்டமுமாக ஸ்டேஷனுக்குள் போனாள்.

ஊர் காறித் துப்பியது. முதலில் துப்பியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? கட்டினவன் கையை ஒடித்தவனுக்கே கக்கூஸ் கட்டப் போறாளே என்று சரசா தெருத்தெருவாகச் சொன்னாள். அடுக்குமாடியில் மூன்றாவது மாடிவரை ஏறிப்போய்ச் சொன்னாள்.

சொல்லிக்கொண்டே பார்க்கவும் செய்தாள். ஸ்டேஷனைச் சுற்றிப் பச்சை வலை கட்டிவிட்டார்கள். ஆனால் சரசா வீட்டு மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் வலை என்ன செய்யும். படம் பிடிக்கத்தான் கைப்பேசி இல்லை. அது எதிரே, ஸ்டேஷன் பீரோவுக்குள் இருந்தது.

துலுக்கானம் கழிவுத் தொட்டிக்குக் குழி வெட்டி உறை இறக்கினாள், சுவர் எடுத்தாள், இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய ஓடு பதித்தாள். பழசாகத் தெரிய வேண்டும் என்பது ஹேமநாதனின் கட்டளை. அதை அவள் நிறைவேற்றிய விதத்தைப் பார்த்துச் சரசாவுக்கே வாய் பிளந்தது. டீத்தூள் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சுவரில் தெளித்தாள். மூலையில் கரி தேய்த்தாள். ஏரிக்கரைப் பாசியைச் சாணிக் கரைசலில் குழைத்து ஓட்டு இடுக்கில் பூசினாள். எங்கிருந்தோ பாதி தேய்ந்த சோப்பு ஒன்றைக் கொண்டுவந்து, பிளந்த சோப்பு டப்பாவில் வைத்தாள். ஐந்தே நாளில் அந்த அறைக்குப் பத்து வயசாகிவிட்டது.

ஏழாம் தேதி நடந்ததுதான் சரசாவுக்குப் பொறுக்கவில்லை. கழிவுத் தொட்டிக்கு மூடிப் பலகை முற்றத்தில் வார்த்துக் கிடந்தது. ஈரம் காயாத காங்கிரீட். துலுக்கானம் ஹேமநாதனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். கையில் ஒரு ஆணியைக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து, பலகைமேல் என்னவோ கீறினார். சிரித்தார். இவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சரசா தண்ணித் தொட்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் கால் பிசகியிருந்தால், அன்றைக்கு உண்மையாகவே ஒருத்தி வழுக்கி விழுந்திருப்பாள்.

"அவன் குந்திகினு கோலம் போடுறான், இவ நின்னுகினு ரசிக்கிறா" என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து துலுக்கானத்துக்குக் குழாயடியில் யாரும் வழி விடவில்லை. அவள் எல்லாரும் பிடித்து முடிக்கிறவரை நின்று, கடைசியாகப் பிடித்துக்கொண்டு போனாள்.

பத்தொன்பதாம் தேதி நிவேதிதா வந்தார். பின்னால் இரண்டு வருவாய்த்துறை உதவியாளர்கள், முஜீப், மதிலோரம் ஊர். பச்சை வலை போன இடம் தெரியவில்லை. ஹேமநாதன் கதவைத் திறந்துவிட்டார். அது 'கிரீச்' என்றது. கீலைத் துருப்பிடிக்க வைத்ததும் துலுக்கானம்தான்.

நிவேதிதா சுவரைத் தொட்டுப் பார்த்தார். பாசியைப் பார்த்தார். தேய்ந்த சோப்பையும் பார்த்தார். வெளியே வந்து, குளியலறை இருக்கிறதே என்பதுபோல முஜீபைத் திரும்பிப் பார்த்தார். முஜீப் வழக்குக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.  தம்பியின் கையை இரண்டாவது தடவையும் ஒடித்துவிட்டார்கள், இந்தத் தடவை ஒடித்தது என் நாக்கு என்று சரசா நினைத்தாள்.

அப்போது மதிலோரக் கூட்டத்திலிருந்து துலுக்கானம் முன்னால் வந்தாள். யாரும் வழி விடாமலேயே வந்தாள்.

"அம்மா, மூடியத் தூக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஹேமநாதன் முகம் மாறிய வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் சரசாவுக்கு அந்த ஆணி ஞாபகம் வந்தது. தொட்டி நாற்றம் அம்மாவுக்குத் தாங்காது என்றார் அவர். பரவாயில்லை என்றார் நிவேதிதா. உதவியாளர்கள் கடப்பாரை கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் கொடுத்து நெம்ப வேண்டும் என்று துலுக்கானம் கால் கட்டைவிரலால் காட்டினாள்.

மூடி எழுந்து, மல்லாந்து விழுந்தது. மேல்பக்கம் அழுக்கும் சொரசொரப்புமாக இருந்த பலகையின் அடிப்பக்கம், இப்போதுதான் பிறந்த பிள்ளை மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் ஆணியால் கீறிய எண்கள். ஏழு, மூன்று, இந்த வருஷம். தேதிக்கு மேலே, பட்டம் அறுத்துக்கொண்ட நூல் மாதிரி சுழித்துச் சுழித்துப் போகிற ஒரு கையெழுத்து.

காங்கிரீட் போட்டால் அதன்மேல் தேதி கீறி வைப்பது கட்டட வேலையில் வழக்கம். எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிய வேண்டுமே. எனக்கு எழுத்து வராது சார், நீங்களே கீறுங்க, நாள் தப்பினால் பலகை வெடிக்கும் என்று துலுக்கானம் சொல்லியிருக்கிறாள். கீறினார். ஆனால் அது இருபத்தைந்து வருஷம் கோப்பில் உழன்ற கை. தேதி போட்ட இடத்தில் கையெழுத்தும் போடாமல் அதனால் எழுந்திருக்க முடியாது. போட்டது. காய்ந்த பிறகு, கவிழ்த்துப் போட்டால் பழசாகத் தெரியும் என்று அவள் யோசனை சொன்னபோது, கெட்டிக்காரி என்று பாராட்டினாராம்.

நிவேதிதா பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து அந்த 'வழுக்கி விழுந்தனர்' காகிதத்தை எடுத்து, அதிலிருந்த கையெழுத்தைக் காங்கிரீட்டில் இருந்ததோடு ஒட்டிப் பிடித்தார். சுழி சுழியாக விரலை ஓட்டிப் பார்த்தார். மதிலோரம் நூறு பேர் எட்டிப் பார்த்தார்கள். சரசாவுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது திரை விலகுமே, அப்போது வருகிற சிலிர்ப்பு. கை தன்னால் கூப்பிக்கொள்ளப் போனது. கூட்டத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"மார்ச் ஏழாம் தேதி கட்டின குளியலறையில பிப்ரவரியில எப்படி ஒன்பது பேர் வழுக்கினாங்க, இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டார் நிவேதிதா. குரலை உயர்த்தவே இல்லை.

 பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கனிமொழி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நான் இத்தனை நாளும் எதிர் வீட்டுக்குத்தான் மேடம் போவேன்" என்றாள்.  முழுதாகச் சொன்னாள். அன்றைக்கு உள்ளே கேட்ட சத்தத்தையும் சொன்னாள்.

நிவேதிதா திரும்பிச் சரசாவைத் தேடினார். பேனா திறந்திருந்தது.

"அந்தக் குதிரை?"

"குதிர இல்லம்மா" என்றாள் சரசா. "அத நான்தான் ஓட்டியாந்தேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது சரசா துலுக்கானத்தின் பின்னாலேயே நடந்தாள். முன்னால் போகத் தோன்றவில்லை. தெரு முனையில்தான் கேட்டாள்.

"ஏம்மே, பத்தாவது பாஸுன்னு சொல்லித்தான உன்னப் பொண்ணு குட்த்தாங்க? எழுத்து வராதுன்னுக்கிற?"

"வரும் அண்ணி."

"அப்புறம் இன்னாத்துக்கு அவன எழுதச் சொன்ன?"

"நான் எழுதினா அது என் எழுத்து."

எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தாள் சரசா. துலுக்கானம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சரசாவிடம் சொன்னால் அம்பத்தூருக்கே சொன்ன மாதிரி என்பது சரசாவுக்கே தெரியும். எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்தது. வழுக்கி விழுந்தனர் என்பது பொய், அடித்து ஒடிக்கப்பட்டனர் என்பதே உண்மை என்று அரசாங்கக் காகிதத்தில், அரசாங்க முத்திரையோடு. ஹேமநாதனும் நாலு பேரும் பணியிடை நீக்கம், வழக்கும் பதிவாகியிருக்கிறது. சுவர் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அதற்குத் தனி மனு என்கிறார் முஜீப். கன்னியப்பன் ஜாமீனில் வந்துவிட்டான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. அவன் இடது கையால் தூக்குக்குண்டு பிடிக்கிறான், துலுக்கானம் கல் வைக்கிறாள். மூடியைத் துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, மினி லாரியில் பூந்தமல்லி கோர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது ஊரே வாசலில் நின்று வழியனுப்பியது. இப்போதும் யாராவது கேட்டால் சரசா கதை சொல்கிறாள். கடப்பாரை வைக்கிற இடம் வந்ததும் அவள் குரல் தானாகவே தணிந்துவிடும்.

குளியலறைக்குச் சாட்சியப் பொருள் என்று சீல் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை கனிமொழி பழையபடி சரசா வாசலில் வந்து நின்றாள். தொப்பியை டி.வி. மேல் வைத்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம்."

"போம்மா" என்றாள் சரசா. "பாத்துப் போ. இங்க நெசமாவே வழுக்கும்."